முன்பக்கம் இரண்டு இஞ்ச்

இரண்டு இஞ்ச் போதுமா, இல்லை இரண்டரையே போட்டுவிடலாமா என்று டயர் கடைக்காரர் அல்போன்ஸ் கேட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் இப்போது கேள்வியை விட்டுவிட்டு வீரபத்திரனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீரபத்திரன் கடைச் சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழாமல் இல்லை. விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒரு வருஷமாகவே இப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் அது உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது, இவன்தான் போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. "அண்ணே, உங்களத்தான் கேக்குறேன்," என்றார் அல்போன்ஸ். "ரெண்டு," என்றான் வீரபத்திரன். அல்போன்ஸ் அந்தச் சாமானை எடுத்து அவன் கையில் வைத்தார். ஸ்பேசராம். கனத்த இரும்பு வளையம், உள்ளங்கையில் அடங்கியது, குளிர்ச்சியாக இருந்தது. முன் ஷாக் அப்சர்பருக்கு மேலே இதை உட்கார வைத்தால், மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிற பிக்கப் வண்டி நிமிர்ந்துவிடுமாம். இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. ஒரு வண்டி நிமிர இவ்வளவு சின்னச் சாமான் போதுமென்றால் மனுஷனுக்கும் யாராவது ஒன்று செய்து வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தான், பிறகு அந்த நினைப்பே அசட்டுத்தனமாகப்பட்டு வளையத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"கம்பெனிக்காரன் தெரியாம பண்ணினது இல்லண்ணே," அல்போன்ஸ் விளக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு விளக்குவதில் ஒரு ருசி. திண்டுக்கல் பைபாஸில் இந்தக் கடையைப் போட்டதே வியாபாரத்துக்கா, விளக்குவதற்கா என்று சந்தேகம் வரும். "லோடு ஏறுனா பின்பக்கம் உக்காரும்ல, அதுக்குத்தான் முன்னாடி தாழ்த்தி, பின்னாடி தூக்கி வச்சிருக்கான். லோடு ஏத்துனா வண்டி தானா சமமாயிரும். நீங்க என்ன லோடு அடிக்கிறீங்க?" என்ன லோடு அடிக்கிறான்? காப்பி மூட்டை அடித்தான். மிளகு அடித்தான். மலைவாழைத் தார்களைச் சருகு போட்டு அடுக்கி வத்தலக்குண்டு மண்டிக்கு இறக்கினான், அப்போதெல்லாம் வண்டி சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூக்கு தாழ்ந்திருக்கிறது என்பதே அவன் கண்ணில் பட்டதில்லை. போன வருஷம் தாண்டிக்குடித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. குத்தகைக்காரர் தன் லாரியில் ஏற்றிக்கொள்கிறார். இப்போது இந்த வண்டியின் பின்னால் போவது ஒரே ஒரு சாமான், அது ஒரு மரக்கட்டை. அதை லோடு என்று சொல்ல முடியாது. "லோடு இல்ல," என்றான். "அப்ப தாராளமா தூக்கலாம்," என்றார் அல்போன்ஸ். "சும்மா ஓடுற வண்டி பாவம், குனிஞ்சேதான நிக்கும்."

அந்தக் கட்டை, கடைக்கு வெளியே வண்டியின் இடது கதவுக்குப் பக்கத்தில், இறக்கி வைத்த இடத்தில் இருந்தது. சில்வர் ஓக் அடிமரத்தில் அவனே அறுத்தது. மேல்பக்கம் வழுக்காமல் இருக்கச் சாக்குத் துணியை ஆணி வைத்து அடித்திருந்தான். தரையிலிருந்து வண்டிக்குள் காலை எடுத்து வைக்கும் உயரத்தை அளந்து, அதில் பாதிக்கு அறுத்தான். முதலில் அறுத்தது உயரம் அதிகம், அவன் மனைவி இந்திராணி ஏறி நின்றபோது தள்ளாடினாள். இரண்டாவது குட்டை. மூன்றாவதுதான் இது. வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்தக் கட்டையில் ஏறித்தான் அவள் வண்டியில் உட்கார்ந்து மலை இறங்கி, திண்டுக்கல்லில் பிசியோதெரபி முடித்து, மறுபடி மலை ஏறுகிறாள். பக்கவாதத்தில் அவளுக்கு விழுந்தது வலது பக்கம். இடது கையால் கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, கட்டையில் நின்று, இடது காலை முதலில் உள்ளே வைக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால் என்று பிசியோதெரபி அம்மா பாடம் போலச் சொல்லிக் கொடுத்திருந்தது. வலது காலை வீரபத்திரன் கீழேயிருந்து எடுத்து உள்ளே வைப்பான், சேலையை ஒதுக்கி விடுவான், கதவைச் சாத்துவான், கட்டையைத் தூக்கிப் பின்னால் போடுவான். திண்டுக்கல்லில் இறக்குவான். பிறகு ஏற்றுவான். வீட்டில் இறக்குவான். இன்றைக்கும் பிசியோதெரபி முடிந்து, இப்போது அவள் கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நாலு கால் வைத்த ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தபடி. அவள் வயது நாற்பத்து மூன்று. இவனுக்கு நாற்பத்தேழு. அந்தக் கணக்கை அவன் நெருங்கவிடுவதில்லை. இருபது வருஷமோ முப்பது வருஷமோ வியாழக்கிழமைகள், என்று மனம் ஆரம்பிக்கும், அவன் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவான்.

தாங்குறான்யா, அப்படித் தாங்குறான், பொண்டாட்டியைத் தாங்குறதுன்னா வீரபத்திரன்கிட்ட படிக்கணும். தாண்டிக்குடி டீக்கடையில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள், இவன் போனால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் வந்து, அப்பா நீங்க சாமிப்பா என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். சாமி. கல்லும் சாமிதான். அவர்கள் சொல்வது எதையும் அவன் மறுக்க முடியாது, எல்லா வேலையும் அவன்தான் செய்கிறான், குளிப்பாட்டுகிறான், தலை பின்னிவிடுகிறான், பின்னல் கோணலாக வந்தால் அவிழ்த்து மறுபடி பின்னுகிறான். செய்கிற கை மட்டும் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அவளுக்கு அது வந்த அன்றைக்குக் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் காலால் துழாவிக்கொண்டே போனவள் திரும்பி இவனைப் பார்த்தாள், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. சிரிக்கிறாள் என்று நினைத்தான். இவனும் சிரித்தான். அவள் மிளகின் மேலேயே சரிந்து உட்காரும்வரை சிரித்துக்கொண்டுதான் நின்றான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்னவோ சொன்னார், இவன் அவர் தலைக்கு மேலிருந்த காலண்டரில் ஒரு குழந்தை தர்பூசணி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான், விதைகளை எண்ணக்கூட ஆரம்பித்தான். அழுகை பிறகு வரும் என்று நினைத்தான். வீட்டுக்குப் போனதும் வரும் என்று நினைத்தான். வரவில்லை. வராதது இப்போது பழகிவிட்டது, பயம் வேறொன்று. ஒரு நாள் ராத்திரி இவள் கூப்பிட்டு, அது காதில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்துவிட்டால்?

"இப்ப எதுக்கு தூக்குறீங்க, சும்மா ஷோவுக்கா?" அல்போன்ஸ் ஸ்பேசரை மேஜையில் வைத்தபடி கேட்டார். "எங்க தோட்டத்து ரோட்டுல ஒரு பாறை," என்றான். அது பொய்யில்லை. தார் ரோட்டை விட்டு இறங்கி, தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில், மூன்றாவது வளைவில் இடது ஓரமாக ஒரு பாறை முதுகு நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஒதுக்கி ஓட்டினாலும் வண்டியின் அடியில், சரியாக இந்திராணியின் இருக்கைக்குக் கீழே, கிர்ரென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அனுப்பும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் நாக்கைத் தட்டி "இச்" என்பாள், இவன் "போச்சு" என்பான். கல்யாணமாகிப் பழைய ஜீப்பில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த நாளிலேயே அது நடந்தது. அன்றைக்கு ஜீப்புக்காகப் பயந்து நிஜமாகவே சொன்னார்கள், பிறகு அது பழக்கமாகிவிட்டது, சண்டை போட்டுக்கொண்டு போகும்போதும் பாறை வந்தால் இச், போச்சு. "பாறையை உடைச்சுப் போட வேண்டியதுதானண்ணே?" என்றார் அல்போன்ஸ். நியாயமான கேள்வி. ஒரு நாள் வேலை. அவன் இந்திராணி இருந்த பக்கம் பார்த்தான், அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உடைக்கலாம்," என்றான். "டயரும் தேஞ்சு போச்சு. மாத்துறதுதான் மாத்துறோம், பெருசாவே போட்டுருவோம்."

டயர் என்றதும் அல்போன்ஸ் உயிர் பெற்றார். ரோட்டுக்கு ஒரு மாதிரி, சேற்றுக்கு ஒரு மாதிரி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாதிரி. இது கல்லில் கடிக்கும், ஆனால் தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். இது சத்தம் போடாது, ஆனால் சேற்றில் கைவிரித்துவிடும். அளவு ஒரு சுற்று பெரிதாகப் போனால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும், ஸ்பேசர் போட்டால் உரசாது. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். வண்டி மொத்தமாகவே இன்னும் ஒரு இஞ்ச் ஏறி நிற்கும். அவர் சொல்லச் சொல்ல வீரபத்திரன் ஒரு டயரின் மேல் கையை வைத்தான். புது ரப்பரின் சின்னச் சின்ன முடிகள் உள்ளங்கையில் குத்தின. நன்றாக இருந்தது. எதையோ தேர்ந்தெடுக்கிறோம் என்பதே நன்றாக இருந்தது, இதுவா அதுவா என்று யாராவது கேட்டு எவ்வளவு நாளாயிற்று. கஞ்சியா இட்லியா என்றுகூட யாரும் கேட்பதில்லை, அவள் எதைத் தின்ன முடியுமோ அதையே இவனும் தின்கிறான். "கல்லுல கடிக்கிறது," என்றான், குரலில் ஒரு தெம்பு வந்ததை அவனே கேட்டான். "சூப்பர்ண்ணே," என்றார் அல்போன்ஸ். "உயரம் கூடுதே, சைடு ஸ்டெப் போட்டுருவமா? கால் வச்சு ஏற வசதியா இருக்கும்." "வேணாம்," என்றான் வீரபத்திரன் உடனே. இந்தப் பதிலை மட்டும் போய் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. "ஸ்டெப்பு கீழ தொங்கும், பாறையில இடிக்கும்." மின்விசிறி டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. இந்திராணி ரோட்டிலிருந்து தலையைத் திருப்பி இவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டான். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். மரியதாஸ் என்ற பிட்டர் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார், அவிழ்த்த நட்டுகள் தகரத் தட்டில் விழும் சத்தம் ஒரு ஒழுங்கில் வந்தது. பழைய டயரில் இடது முன்பக்கம் மட்டும் ஓரமாக அதிகம் தேய்ந்திருப்பதை அவர் தடவிக் காட்டினார். வீரபத்திரன் பெஞ்சில் உட்கார்ந்து வண்டியின் வயிற்றைப் பார்த்தான். இடது பக்கம் பாறை இழுத்த கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, சில பளபளப்பாக, சில துருப்பிடித்து. பார்க்கக் கூடாத எதையோ பார்ப்பதுபோல் கண்ணை எடுத்துக்கொண்டான். எடுத்த கண்ணை வைக்க இடமில்லாமல் மூடிக்கொண்டான். மூடியதும் வண்டி போய்க்கொண்டிருந்தது. உயரமாக நிமிர்ந்து மலை ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான், மூடுபனி உள்ளே வந்து முகத்தில் பட்டது, புதுச் சக்கரம் ரீங்காரம் போட்டது, ரேடியோவில் ஏதோ பாட்டு. மூன்றாவது வளைவு வந்தது. பாறை வந்தது. வண்டி அதன் மேல் சத்தமில்லாமல் போய்விட்டது. அவ்வளவு இலகுவாக இருந்தது, பின்னால் கட்டை உருளும் சத்தமில்லை, யாருக்காகவும் வளைவில் மெதுவாகப் போக வேண்டியதில்லை, வாந்தி வருமோ என்று ஒரு கண்ணை இடது பக்கமே வைத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்தைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தான். எங்கே என்று தெரியவில்லை, தெரிய வேண்டியதாகவும் இல்லை. எத்தனை நேரம் அப்படிப் போனானோ, மரியதாஸ் வண்டியைக் கீழே இறக்கி, வெளியே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "முடிஞ்சிருச்சு சார்," என்றபோதுதான் கண்ணைத் திறந்தான்.

வெயிலில் வண்டி வேறு வண்டியாக நின்றது. மூக்கு நிமிர்ந்து, தோள் அகன்று, கொஞ்சம் திமிராகக்கூட இருந்தது. அல்போன்ஸ் போட்டோ எடுத்தார். வீரபத்திரன் சுற்றி வந்து பார்த்தான், சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, பட்டுக்கொண்டிருக்கும்போதே ஊன்றுகோல் சிமெண்டுத் தரையில் டொக் டொக்கென்று வருவது கேட்டது. இந்திராணி தானாகவே எழுந்து வந்துவிட்டாள். மரியதாஸ் கட்டையை எடுத்து இடது கதவுக்குக் கீழே சரியாக வைத்தார். வீரபத்திரன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டான், வழக்கம்போல். அவள் கட்டையில் ஏறி நின்றாள். கைப்பிடியைப் பிடிக்க இடது கை எட்டியது, நுனி விரல்கள் மட்டும். இடது காலைத் தூக்கினாள். கால் கதவின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது. கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள், வலது கால் நடுங்கியது, விளிம்பில் செருப்பு பட்டு வழுக்கியது. அல்போன்ஸின் கையில் போன் அப்படியே நின்றுவிட்டது. பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இந்திராணி காலைக் கட்டையில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே, ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக் கேட்டாள். "என்னங்க. என்னைய எப்படிக் கூட்டிட்டுப் போறதா நெனச்சீங்க?"

கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். வீரபத்திரன் பதிலைத் தேடினான். பின்னாலிருந்து தூக்கி விடுவதாக இருந்தேன், அல்போன்ஸும் ஒரு கை பிடிப்பார் என்று இருந்தேன், வீட்டுக்குப் போய் வேறு கட்டை அறுப்பதாக இருந்தேன். அப்படி எதையுமே அவன் நினைத்திருக்கவில்லை. கடைக்கு வந்ததிலிருந்து ரப்பரைத் தடவினான், இஞ்ச் கணக்குப் பார்த்தான், கண்ணை மூடி மலை ஏறினான், அத்தனையிலும் இடது இருக்கை காலியாக இருந்தது. அவளை எங்கே விட்டுவிட்டு வந்தான் என்றுகூட அந்த நினைப்பில் இல்லை. பாறையைத் தாண்ட வேண்டும் என்று வந்தவன், இன்றைக்குச் சாயங்காலம் இவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையே மறந்துபோனான். "அதான் அப்பவே பாத்தேன்," என்றாள் அவள். "நீங்க ஸ்டெப்பு வேணாம்னு சொன்னப்ப." "சொல்லியிருக்கலாம்ல," என்றான். அவள் யோசித்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு வார்த்தைகள் வர நேரமாகும், எல்லோரும் காத்திருந்தார்கள். "சொல்லலாம்," என்றாள். "நீங்களா நெனைப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்."

"எல்லாத்தையும் கழட்டிருங்க," என்றான் வீரபத்திரன் அல்போன்ஸிடம். அவன் குரல் அவனுக்கே தூரத்திலிருந்து கேட்டது. அல்போன்ஸ் இவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கழட்ட வேணாம் தம்பி," என்றாள் இந்திராணி. கட்டையிலிருந்து இறங்கினாள், கெட்ட காலை முதலில் வைத்து, பாடம் தவறாமல். "நல்லாத்தான் இருக்கு வண்டி. அந்த ஸ்டெப்ப மாட்டுங்க." "பாறையில இடிக்கும்கா, அண்ணன் சொன்னாரே." "இடிக்கட்டும்," என்றாள். "வர்ற வியாழக்கிழமை நான் வரணும்ல." சொல்லிவிட்டு டொக் டொக்கென்று நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஸ்டெப் மாட்டி முடிகிறவரை வீரபத்திரன் அவள் பக்கத்தில் நின்றான். உட்கார இன்னொரு நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

கட்டை, ஸ்டெப் என்று இரண்டு படியாக ஏறி அவள் வண்டியில் உட்கார்ந்தாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சக்கரம் ரீங்காரம் போட்டது, அல்போன்ஸ் சொன்ன மாதிரியே வண்டு போல. முன்பக்கம் உயர்ந்திருந்ததால் வண்டியின் மூக்குக்கு அடியில் கொஞ்சம் ரோடு மறைந்தது, அவன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான். அவள் இடது கையால் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் மெதுவாகப் போனான். ஒரு கண்ணை இடது பக்கமே வைத்திருந்தான், அவளுக்கு இன்றைக்கு வாந்தி வரவில்லை. இருட்டுவதற்கு முன்னால் தோட்டத்துப் பாதையில் இறங்கினார்கள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் பாறை முதுகை நீட்டிக்கொண்டிருந்தது, அவன் வலது பக்கம் ஒதுக்கினான், முன்சக்கரம் தாண்டியது, வண்டியின் அடிவயிறு தப்பித்தது, தப்பித்துவிட்டது என்று அவன் நினைத்த நேரத்தில் புது ஸ்டெப் பாறையில் பட்டு, அவள் இருக்கைக்குக் கீழே, கிர்ரென்று நீளமாக ஒரு இழுப்பு இழுத்தது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவதும், பிரிய முயல்வதும், ஒரு பக்கமாக இழுபட்ட அந்த வாய் அதற்காகப் பாடுபடுவதும் அவனுக்குக் கேட்டது. "இச்," என்றாள். அவன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாதையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வார்த்தை உள்ளே எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, அவன் போய் அதை எழுப்பினான், எழுந்து வர ரொம்ப நேரம் ஆயிற்று. "போச்சு," என்றான். "ம்," என்றாள் இந்திராணி. அவன் கியரைப் போட்டான்.